புதன்கிழமை ராத்திரி மீன்

கொஞ்சம் நீளமான பதிவு. வாத்தியார் எழுத உட்கார்ந்தால் நீளும் என்பது உங்களுக்குத் தெரியாததா? நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன புதன்கிழமை ராத்திரி ஒரு தட்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். சேமியா, முட்டைக்கோஸ், கேரட், மேலே வறுத்த மீன் துண்டு, அதற்கும் மேலே கொஞ்சம் எள். "நானே செய்தது, 25 நிமிஷம்" என்று ஒரே ஒரு வரி. மறுநாள் காலையில் மூன்று போன்.

முதலில் சித்தப்பா மகள். "அண்ணே, அண்ணி ஊர்ல இல்லையா?" அடுத்தது மச்சினன். "மாமா, அக்காவுக்கு மறுபடியும் கை வலியா?" மூன்றாவது, என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். "என்னய்யா இது, பிரியாணி ஊர்ல இருந்துக்கிட்டு நூடுல்ஸ் திங்கிறீரு? அதெல்லாம் ஒரு சாப்பாடா?"

மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில். என் வீட்டம்மா ஊரில்தான் இருக்கிறார். கையும் நன்றாக இருக்கிறது. அது சாப்பாடுதான். அதுவும் நல்ல சாப்பாடு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் மீனை ஞாயிற்றுக்கிழமையோடு கட்டிப் போட்டு வைத்திருக்கிறோம். அது தப்பு. வேலை நாள் ராத்திரிக்கு மீனைப் போலத் தோதான பொருள் வேறு கிடையாது. இன்னொன்று, சட்டென்று முடிகிற சமையலைப் பார்த்து "இதெல்லாம் ஒரு சமையலா" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அடுப்படியில் நிற்காதவர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானே அப்படி இருந்தவன்தான்.

எங்கள் வீட்டுக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். நானும் இடைநிலை ஆசிரியர், அவரும் இடைநிலை ஆசிரியர். இருவரும் ஒரே மாதிரி பட்டயப் பயிற்சி முடித்தவர்கள், ஒரே சம்பளம், ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு டவுன் பஸ்ஸில் வீடு வந்து சேருவோம். ஐந்தேகால் மணிக்குச் செருப்பைக் கழற்றியதும் நான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரிப்பேன். அவர் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போவார். ஏழரைக்கு எனக்குத் தட்டு வரும். 34 வருஷம். சட்னி ஆறிப்போயிருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேன். சூடாக இருந்ததற்கு ஒரு வார்த்தை சொன்னதாக ஞாபகம் இல்லை.

போன வருஷம் ஐப்பசி மழையில் வாசல்படியில் வழுக்கி விழுந்து அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. முதல் வாரம் பக்கத்து வீட்டிலிருந்தும் தங்கை வீட்டிலிருந்தும் தூக்குவாளி வந்தது. இரண்டாவது வாரம் ஓட்டல். மூன்றாவது வாரம் ஓட்டல் சாம்பாரைப் பார்த்தாலே இருவருக்கும் பசி போய்விட்டது. கட்டுப் போட்ட டாக்டர் வேறு, "எலும்பு கூடறதுக்குக் கால்சியம் மாத்திரை மட்டும் போதாது. புரதம் வேணும். ராத்திரி என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார். "மூணு இட்லி" என்றார் என் வீட்டம்மா. அந்த மூணு இட்லியில் புரதம் ஐந்தாறு கிராம்தான் இருக்கும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கணக்கு வாத்தியாரை வேறு எதற்கு வைத்திருக்கிறார்கள்? ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்கிறது. அவர் எடை 58 கிலோ. ஆக 48 கிராம். காலையில் இட்லி, மதியம் சோறும் ரசமும், ராத்திரி மறுபடி இட்லி என்றால் அந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் நேராகாது. நூறு கிராம் மீனில் மட்டும் 18 முதல் 20 கிராம் புரதம் இருக்கிறது. திண்டுக்கல்லில் அறுபது வயதைத் தாண்டிய எத்தனை வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு இட்லி, கோதுமை தோசை, அல்லது இரண்டு சப்பாத்தி என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் அப்பா அம்மாவும் அதில் சேர்த்திதான்.

முட்டை அவித்தேன். நான்கு நாளில் அதுவும் சலித்தது. மீன் வாங்கலாம் என்றால் எனக்கு மீன்குழம்பு வைக்கத் தெரியாது. புளி கரைத்து, மசாலா அரைத்து, மண்சட்டியில் கொதிக்க வைத்து, எண்ணெய் பிரிந்து வரும் வரை காத்திருந்து, அப்புறம் மீனைப் போட வேண்டும். அது ஒரு வித்தை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மறுநாள் காலையில் பழைய சட்டியிலிருந்து எடுத்து இட்லிக்கு ஊற்றினால் அதற்கு ஈடு இல்லை. ஆனால் அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும், கை தேர்ந்த ஆளும் வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை.

இந்த இடத்தில்தான் என் பழைய மாணவன் ஒருவன் வருகிறான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். அவன் அப்பா ஆத்தூர் காமராஜர் அணையில் மீன் எடுத்து, சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்றவர். பையன் டிப்ளமோ படித்து, இப்போது ஜப்பானில் நகோயா பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறான். ஒற்றை அறை, ஒற்றை அடுப்பு. இங்கே ஐந்து மணி என்றால் அங்கே எட்டரை. வேலை முடிந்து அறைக்கு வந்ததும் வாரம் ஒரு தரம் கூப்பிடுவான்.

"அம்மா எப்படி இருக்காங்க சார்?" என்றான். சொன்னேன். "அப்ப யாரு சமைக்கிறா?" சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிரிப்பை அடக்கியிருப்பான். அப்புறம் போனைத் திருப்பி அவன் அடுப்பைக் காட்டினான். ஒரு வாணலி, அதில் நூடுல்ஸ், கோஸ், கொஞ்சம் கணவாய். "யாகிசோபா சார். இங்க திருவிழாக் கடையில எல்லாம் விப்பாங்க. பத்து நிமிஷம்."

'யாகி' என்றால் வாட்டியது, வறுத்தது என்று சொல்லலாமாம். 'சோபா' என்பது பாப்பரைக் கோதுமை மாவில் செய்யும் நூடுல்ஸ். ஆனால் யாகிசோபாவில் அந்தச் சோபா கிடையாது, சாதாரணக் கோதுமை நூடுல்ஸ்தான். பெயரில் இருக்கும் பொருள் பண்டத்தில் இல்லை. நம் ஜிலேபி மீனில் ஜிலேபி இருக்கிறதா என்ன? அடிப்படையில் அது சீனத்துப் பண்டம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பான் தெருக்கடைகளில் பரவியது. கோக்குரா என்ற ஊரில் போர் முடிந்த சமயம் நூடுல்ஸுக்குப் பஞ்சம் வந்தபோது, ஒரு கடைக்காரர் கையில் இருந்த காய்ந்த ஊதோன் நூடுல்ஸை வேகவைத்துப் போட்டு வறுத்தாராம். அதுவே 'யாகி ஊதோன்' என்று தனிப் பண்டமாக ஆகிவிட்டது என்று சொல்கிறார்கள். இருப்பதை வைத்துச் சமாளித்தவரின் பண்டம். எனக்கு அந்தக் கதை பிடித்துப்போனது. அவரிடம் ஊதோன் இருந்தது, நம்மிடம் சேமியா இருக்கிறது. அணில் சேமியாவும் சேவரிட்டும் நம் திண்டுக்கல் சரக்குதானே! பூட்டுக்கும் பிரியாணிக்கும் பெருமை பேசும் நாம் சேமியாவை ஏன் பாயசத்தோடு நிறுத்திவிட்டோம் என்று தெரியவில்லை.

"மீன் போடலாமாடா?" என்று கேட்டேன்.

"இங்க வழக்கமா பன்னிக்கறி, இல்லன்னா கணவாய், இறால். மீன் அவ்வளவா போட மாட்டாங்க. நீங்க போடுங்க சார், யாரு கேக்கப் போறா? உங்களுக்கு மீன் வெட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப கடைக்காரர்கிட்டச் சொல்லுங்க. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்படக் கூடாதுன்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க."

ஆகவே நான் செய்வது ஜப்பான் சமையல் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜப்பான்காரர் பார்த்தால் சிரிப்பார். அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு யோசனையை மட்டும்: எல்லாவற்றையும் முதலில் நறுக்கி வைத்துக்கொண்டு, சூடான வாணலியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு எடுப்பது.

முதல் நாள் செய்தது வாயில் வைக்கும்படி இல்லை. மீனையும் கோஸையும் சேமியாவையும் ஒரேயடியாகக் கொட்டினேன். மீன் உடைந்து தூளாகி, கோஸ் தண்ணீர் விட்டு, சேமியா குழைந்து, மொத்தத்தில் மீன் உப்புமா. என் வீட்டம்மா இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டார். "ரீடெஸ்ட் வெச்சுக்கலாம்" என்றார்.

தப்பு எங்கே என்று அப்புறம்தான் புரிந்தது. ஓட்டல் அடுப்பின் ஜ்வாலை வீட்டு அடுப்பில் வராது. நிறையப் போட்டால் வாணலியின் சூடு இறங்கிவிடும். சூடு இறங்கினால் காய்கறி வறுபடாது, அவியும். அதனால் தனித்தனியாகத்தான் செய்ய வேண்டும். கேட்பதற்கு நேரம் அதிகம் ஆகும் போல இருக்கும். ஆகாது. மீனுக்கு நான்கு நிமிஷம், காய்கறிக்கு மூன்று, கடைசியில் எல்லாம் சேர்த்து இரண்டு. ஒன்பது நிமிஷம். மீதி நேரமெல்லாம் நறுக்குவதற்கு.

மீன் ஏன் இவ்வளவு சீக்கிரம் வேகிறது? அறிவியல் பாடமும் எடுத்தவன், சொல்லாமல் விட முடியாது. ஆடு நாள் முழுக்கத் தன் எடையைத் தானே சுமந்து நடக்கிறது. அதன் தசை நார்களைக் கட்டி வைத்திருக்கும் இணைப்புத் திசு கெட்டியானது. அது இளகுவதற்குத்தான் குக்கர் விசில் எண்ணுகிறோம். மீனைத் தண்ணீர் தாங்குகிறது. அதற்கு அந்தக் கட்டுமானம் தேவையில்லை. நார் குட்டை, திசு மெல்லிசு, 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே வெந்துவிடும். அதாவது மீன்குழம்பில் நேரம் பிடிப்பது குழம்புதான், மீன் அல்ல. இவ்வளவு சுலபமாக வேகும் பொருளைப் போய் வாரத்தில் ஒரு நாள் மட்டும் செய்யும் பெரிய வேலையாக வைத்திருக்கிறோம்.

சாஸ் விஷயத்தில்தான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. யாகிசோபாவுக்கு ஊற்றும் சாஸ், இங்கிலாந்தின் உஸ்டர் சாஸைப் பார்த்து ஜப்பான்காரர்கள் தங்களுக்கு ஏற்ற மாதிரி செய்துகொண்டது. அந்த உஸ்டர் சாஸில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் வினிகர், வெல்லப்பாகு, வெங்காயம், பூண்டு, நெத்திலி மாதிரியான ஒரு சின்ன மீன், அப்புறம் புளி! நம் வீட்டுப் புளி. புளியும் மீனும் கப்பலேறி இங்கிலாந்து போய், அங்கிருந்து ஜப்பானுக்குப் போய் நூடுல்ஸில் விழுந்திருக்கிறது. மீன்குழம்புக்குத் தூரத்துச் சொந்தம். அதனால் நான் கடைச் சாஸ் தேடவில்லை. கெட்டியான புளிக்கரைசல் ஒரு மேசைக்கரண்டி, சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, சுண்டைக்காய் அளவு கருப்பட்டி, தக்காளி சாஸ் ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள். கலக்கி வைத்துவிட்டால் சாஸ் தயார். மூன்று பேருக்கு இது போதும்.

உப்பை மட்டும் கவனியுங்கள். உங்களில் பாதிப் பேருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய இரண்டு கிராமுக்கு மேல் உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் என்கிறது. ஆகவே சோயா ஊற்றினால் தனியாக உப்புப் போடாதீர்கள். மீன் புரட்டும்போது ஒரு சிட்டிகை போதும்.

இன்னொரு சொந்தமும் உண்டு. யாகிசோபா மேல் சீவல் மாதிரி ஒன்றைத் தூவுவார்கள். சூட்டில் அது நெளிந்து நெளிந்து ஆடும். கட்சுவோபுஷி என்று பெயர். சூரை மீனை அவித்து, புகையில் காய வைத்து, மரக்கட்டை போல ஆக்கிச் சீவுவது. பையன் போனில் காட்டியதும் என் வீட்டம்மா எட்டிப் பார்த்து, "இது நம்ம மாசிக் கருவாடு இல்ல?" என்றார். அவருடைய பெரியம்மா வீடு தூத்துக்குடி. அதே சூரை, அதே அவியல், அதே புகை. மாலத்தீவிலும் மினிக்காயிலும் இலங்கையிலும் தூத்துக்குடியிலும் அது மாசி, ஜப்பானில் கட்சுவோபுஷி. 1908இல் கிகுனே இகேதா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, கடற்பாசிச் சாற்றில் இருக்கும் தனிச்சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டுபிடித்து அதற்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். ஐந்து வருஷம் கழித்து அவர் மாணவர் கோதாமா, இந்தக் கட்சுவோபுஷியிலும் அந்தச் சுவையைத் தரும் இன்னொரு பொருள் இருப்பதைக் காட்டினார். நம் பாட்டிமார் யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை, மாசியை இடித்துச் சம்பலில் போட்டார்கள். நான் மிக்சியில் ஒரு சுற்று விட்டு ஒரு டீஸ்பூன் தூவுகிறேன். இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

இனி மீனுக்கு வருகிறேன். "திண்டுக்கல்லில் ஏதுப்பா நல்ல மீன்?" என்பது எல்லோரும் சொல்வது. எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது, ஐஸ் பெட்டியில்தான் வர வேண்டும், சரிதான். ஆனால் அணை மீன் இருக்கிறதே! ஆத்தூர் அணை, குடகனாறு, மருதாநதி, பழனிப் பக்கம் பாலாறு பொருந்தலாறு. கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். வறுப்பதற்குக் கட்லாவும் ரோகுவும் சரிப்படாது. சதைக்குள் மெல்லிய முள் நிறைய, நூடுல்ஸில் கலந்தால் வயசானவர்களுக்கு ஆபத்து. ஜிலேபிதான் சரி. அரைக் கிலோவுக்கு மேல் உள்ளதாகப் பார்த்து, "ரெண்டு பக்கமும் சதையை மட்டும் எடுத்து, தோல் உரிச்சுக் குடுங்க" என்று சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு கிலோ வாங்கினால் சதை முந்நூறு, முந்நூற்றைம்பது கிராம் தேறும். தலையையும் நடுமுள்ளையும் விட்டுவிடாமல் வாங்கி வாருங்கள், மறுநாள் குழம்புக்கு ஆகும். ஆட்டுக்கறி விலையில் ஜிலேபி ஏறக்குறைய கால் பங்குதான். அதையும் அணை மீன், ஏழை மீன் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது நம் மீன்கூட இல்லை தெரியுமா? ஆப்பிரிக்காவின் திலேப்பியா, 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஜப்பான் பண்டம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் அந்த மீனையும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

அணை மீனில் சேற்று வாடை வரும் என்பது உண்மை. அது ஜியோஸ்மின் என்ற பொருள். மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசம் இருக்கிறதே, அதிலும் அதே பொருள்தான். மண்ணில் வந்தால் ரசிக்கிறோம், மீனில் வந்தால் மூக்கைப் பிடிக்கிறோம். புளிப்புப் பட்டால் அது சிதைந்துவிடும். எலுமிச்சைச் சாறும் மஞ்சள்தூளும் பிசறிப் பத்து நிமிஷம் வையுங்கள்.

அந்தப் பத்து நிமிஷத்தில் மற்ற வேலை. ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, எலுமிச்சைச் சேமியாவுக்குச் செய்கிற மாதிரி 200 கிராம் சேமியாவைப் போட்டு, இரண்டு நிமிஷத்தில் வடிகட்டி, உடனே பச்சைத் தண்ணீரில் அலசி, ஒரு கரண்டி எண்ணெய் பிசறி வைக்க வேண்டும். நீள நூடுல்ஸ் வேண்டுமென்றால் மசாலாப் பொட்டலம் இல்லாத வெறும் நூடுல்ஸ் கடையில் கிடைக்கிறது. பல் செட் போட்டவர்களுக்குச் சேமியாதான் வசதி. நான்கு பல் பூண்டு, கொடைக்கானல் மலைப்பூண்டாக இருந்தால் இரண்டே போதும். இஞ்சி கொஞ்சம், சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, கோஸ் இரண்டு கைப்பிடி, ஒரு கேரட். மீனை விரல் பருமனுக்கு நறுக்கி, ஒரு கரண்டி அரிசி மாவில் புரட்டுங்கள். வாணலியில் புகை எழும் அளவுக்குச் சூடு ஏறியபின் எண்ணெய் ஊற்றி, மீனை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் அடுக்குங்கள். அடுக்கினால் கையை எடுத்துவிட வேண்டும். கிளறக் கூடாது! இரண்டு நிமிஷம் கழித்து ஒரே ஒரு தரம் திருப்பி, இன்னும் இரண்டு நிமிஷம், எடுத்துத் தட்டில் வையுங்கள். அதே வாணலியில் பூண்டு, இஞ்சி, வெங்காயம், பிறகு கேரட், கோஸ். தீயைக் குறைக்காதீர்கள். அப்புறம் சேமியா, சாஸ். கடைசியில் மீனைப் போட்டு இரண்டே பிரட்டு. இறக்கியபின் அரைக் கரண்டி நல்லெண்ணெய். ஜப்பானில் எள்ளை நன்றாக வறுத்து ஆட்டுவதால் அந்த எண்ணெய்க்கு வாசம் தூக்கலாக இருக்கும். நம் செக்கு எண்ணெயில் அந்த வறுத்த வாசம் வராது, அதனால் வறுத்த எள்ளை மேலே தூவிவிடுகிறேன்.

என் நண்பர் கேட்ட "அதெல்லாம் சாப்பாடா" என்ற கேள்விக்கு இனிமேல்தான் வருகிறேன். இதை எழுதத்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் நான்காம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. ஒரு நாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தாள். உள்ளே நூடுல்ஸ், ஆறி ஒட்டிக்கொண்டு கிடந்தது. நான் எல்லோர் முன்னாலும், "என்னம்மா, புழுவை வேகவெச்சுக் குடுத்துட்டாங்களா? உங்கம்மாவுக்குச் சோறாக்கத் தெரியாதா?" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பிள்ளை பாக்ஸை மூடி வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் டிபனே கொண்டு வரவில்லை, சத்துணவு வரிசையில் நின்றாள். ஒரு மாதம் கழித்துக் கையெழுத்துப் போட வந்த அவள் அம்மாவைப் பார்த்தேன். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை. ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். தலையில் பஞ்சு. அவர் வீடு வந்து சேருவதற்கும் பிள்ளை பள்ளிக்குக் கிளம்புவதற்கும் நடுவில் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் அடுப்பைப் பற்ற வைத்து, சூடாக ஏதோ ஒன்று செய்து கட்டிக் கொடுத்திருக்கிறார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி ஷிப்டிலிருந்து வந்து அடுப்பு பற்ற வைத்தவர் அவர். எனக்கோ தினமும் மதியம், வீட்டிலிருந்து இன்னொரு ஆசிரியை கட்டிக் கொடுத்த நாலு அடுக்கு கேரியர். யார் யாரைக் கேலி செய்தது!

பாக்கெட் நூடுல்ஸ் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. மாவும் எண்ணெயும் உப்பும்தான் அதில் அதிகம். ஆனால் அது எப்படி வந்தது என்று பாருங்கள். போருக்குப் பிறகு ஒசாகாவில், குளிரில், ஒரு கிண்ணம் சூடான நூடுல்ஸுக்காக ஜனங்கள் வரிசையில் நின்றதைப் பார்த்த மோமோஃபுகு ஆண்டோ என்பவர், 1958இல் தன் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் கண்டுபிடித்தது அது. பசியோடு இருப்பவருக்கு, நேரம் இல்லாதவருக்கு என்று செய்தது. அதில் குறை இருந்தால் அந்தக் குறையை நிரப்ப வேண்டும், ஒரு துண்டு மீன், ஒரு கைப்பிடி கோஸ். செய்து கொடுத்த அம்மாவைக் கேலி செய்யக் கூடாது. அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் இருந்தால், இதைப் படித்தால், அம்மா, நான் சொன்னது தப்பு. உன் அம்மாவிடமும் சொல்லு.

மற்ற ஆட்சேபணைகளைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ராத்திரி மீன் செரிக்காது என்கிறார் என் அத்தை மகன். இதே மனிதர் ராத்திரி பத்தரைக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு நான் பார்த்திருக்கிறேன். ஏழரைக்குச் சாப்பிட்டுவிடுங்கள், செரிக்கும். வீடு நாறும் என்கிறார்கள். கடல் மீனில் வரும் அந்தக் கவிச்சைக்குக் காரணமான பொருள் நன்னீர் மீனில் மிகக் குறைவு. வாணலியை உடனே கழுவி, எலுமிச்சைத் தோலால் ஒரு தேய்ப்பு. ஏன் புதன்கிழமை? செவ்வாய், வெள்ளி எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. திங்கள் அவருக்கு விரதம். சனிக்கிழமை மாமியாருக்காக இன்னும் விட்டு வைத்திருக்கிறோம். மிஞ்சியது புதனும் வியாழனும். புதன்கிழமை மார்க்கெட்டில் கூட்டம் இருக்காது, கடைக்காரர் நிதானமாக முள் எடுத்துத் தருவார். ஞாயிற்றுக்கிழமை அதே ஆளிடம் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

கல்யாணமாகி வெளியூரில் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கு, பையன்களுக்கு, தனியாக ஒன்று. உங்களில் பலர் வீட்டில் இருவருமே வேலைக்குப் போகிறீர்கள். வாரத்தில் ஒரு ராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். "ஹெல்ப் பண்றேன்" என்று வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு நகராதீர்கள். மீன் வாங்குவதிலிருந்து வாணலி கழுவுவது வரை அந்த ராத்திரி உங்களுடையது. எனக்கு அறுபத்தாறு வயது. நான்கு வாரத்தில் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு இரண்டு வாரம் போதும்.

கட்டுப் பிரித்து மாதங்கள் ஆகிவிட்டன. என் வீட்டம்மாவின் கை இப்போது மாவு பிசைகிறது, பூத்தொடுக்கிறது. ஆனால் புதன்கிழமை சாயங்காலம் அவர் அடுப்படிப் பக்கம் வருவதில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொள்கிறார். நடுநடுவே குரல் மட்டும் வரும். "என்னங்க, புகை வருது, ஃபேனைப் போடுங்க."